ஹாலில் கம்ப்யூட்டர், மாடியில் டிவி: படம் தடங்காமல் போய்ச் சேர எந்த வழி?

கீழே ஹாலில் லேன் வயர் போட்ட கம்ப்யூட்டர். அதன் ஹார்ட் டிஸ்கில் படங்களும் கல்யாண வீடியோக்களும். மாடி அறையில் வைஃபையில் ஓடும் டிவி. இரண்டும் ஒரே நெட்டில்தான் இருக்கின்றன என்று நினைத்துக்கொண்டிருப்போம்; டிவியில் தேடினால் கம்ப்யூட்டர் கண்ணுக்கே தெரியாது. இல்லாவிட்டால் தெரியும், படமும் ஓடும், பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை வட்டம் சுற்றும். இரண்டுக்கும் பெரும்பாலோர் செய்யும் வைத்தியம் ஒன்றுதான்: கடைக்குப் போய், வைஃபையை எட்டவைக்கும் ஒரு எக்ஸ்டெண்டரோ, பல வைஃபை பெட்டிகள் சேர்ந்த மெஷ் செட்டோ வாங்கி வருவது. வாங்கிய பிறகும் பல வீடுகளில் நிலைமை மாறுவதில்லை.

'தெரியவில்லை' என்பது ஒரு கோளாறு. 'தெரிகிறது, ஆனால் தடங்குகிறது' என்பது வேறொரு கோளாறு. முதலாவதை ஏறக்குறைய எப்போதும் செட்டிங்கிலேயே சரிசெய்துவிடலாம், பைசா செலவில்லை. கேபிளா, மெஷா, கரண்ட் வயர் வழியே போகும் பவர்லைனா என்ற கேள்வி இரண்டாவதில்தான் எழுகிறது. அதிலும் ஒரு பங்குக்கு நெட்வொர்க் பொறுப்பே இல்லை. ஆகவே பர்ஸைத் திறக்கும் முன் எந்தக் கோளாறு என்று பிரித்துக்கொள்வோம்.

முதலில் மூன்றாவது எண்

கம்ப்யூட்டரில் செட்டிங்ஸ், நெட்வொர்க், ஈதர்நெட் என்று போனால் ஐபிவி4 முகவரி என்று ஒரு வரி இருக்கும். டிவியில் நெட்வொர்க் ஸ்டேட்டஸ் பக்கத்திலும் ஐபி முகவரி இருக்கும். இரண்டையும் ஒரு தாளில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுங்கள். கம்ப்யூட்டரில் 192.168.1.5, டிவியில் 192.168.0.103 என்று வந்தால் நோய் அகப்பட்டுவிட்டது. மூன்றாவது எண் வேறு. அதாவது வீட்டுக்குள் இரண்டு தனித்தனி நெட்வொர்க் ஓடுகிறது.

இது எப்படி நேர்கிறது? ஃபைபர் இணைப்பு கொடுத்தவர்கள் மாட்டிவிட்டுப் போன பெட்டி வெறும் மோடம் இல்லை, அதுவே ஒரு ரவுட்டர். வைஃபை போதவில்லை என்று நாம் தனியாக ஒரு ரவுட்டர் வாங்கி, அதன் வான் (WAN, வெளி இன்டர்நெட் வரும்) துளையில் கேபிளைச் செருகிவிடுகிறோம். பெட்டியின் பின்னால் வயர் மாட்டிய கம்ப்யூட்டர் ஒரு ஊரில், நம் ரவுட்டரின் வைஃபையில் ஏறிய டிவி இன்னொரு ஊரில். இன்டர்நெட் இரண்டிலும் ஓடுவதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

டிஎல்என்ஏ (வீட்டு நெட்டில் படம் பகிர டிவியிலேயே இருக்கும் முறை) வழியில் தேடும் டிவி, 'மீடியா சர்வர் யாராவது இருக்கிறீர்களா', அதாவது படம் எடுத்துக் கொடுக்கும் மென்பொருள் எங்காவது ஓடுகிறதா என்று வீட்டுக்குள் ஒரு குரல் கொடுக்கும். அந்தக் குரல் 239.255.255.250 என்ற பொது முகவரிக்கு, யூடிபி 1900 போர்ட்டில் போகும். குரோம்காஸ்ட், ஏர்ப்ளே ஆகியவை எம்டிஎன்எஸ் என்ற இன்னொரு முறையில் 224.0.0.251 முகவரிக்கு 5353 போர்ட்டில் குரல் கொடுக்கும். இந்த இரண்டு குரலும் ஒரு ரவுட்டரின் வாசலோடு நின்றுவிடும். அடுத்த நெட்வொர்க்குக்குக் கேட்காது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. உள்ளே இருக்கும் ரவுட்டரிலிருந்து வெளியே இருக்கும் பெட்டியின் பக்கம் போக வழி திறந்திருக்கும், எதிர்த்திசையில் மூடியிருக்கும். ஆகவே மேலே சொன்ன வீட்டில் டிவியில் கம்ப்யூட்டரின் முகவரியைக் கையால் அடித்தால் படம் ஓடிவிடும், தானாகத் தேடினால் மட்டும் கிடைக்காது. கம்ப்யூட்டர் உள்ளேயும் டிவி வெளியேயும் இருந்தால் முகவரியை அடித்தாலும் கிடைக்காது. 'ஒரு ஆப்பில் வருகிறது, இன்னொன்றில் வரவில்லை' என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வைப்பது இதுதான்.

சரிசெய்ய மூன்று வழி. இரண்டு பெட்டிகளும் ஹாலிலேயே பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், கம்ப்யூட்டரின் வயரைக் கம்பெனிப் பெட்டியிலிருந்து உருவி நம் ரவுட்டரின் லேன் (வீட்டுச் சாமான்களுக்கான) துளையில் செருகினால் போதும். ஒரு நிமிஷ வேலை. இரண்டாவது, கம்பெனிப் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு, அதாவது ரவுட்டர் வேலையை விட்டு வெறும் மோடமாக இருக்கும் முறைக்கு, மாற்றச் சொல்வது. இதற்கு அவர்கள் தயவு வேண்டும். பெட்டியோடு வந்த லேண்ட்லைன் போனோ டிவி சேவையோ நின்றுபோகலாம். வெளியிலிருந்து இன்டர்நெட் வழியாக வீட்டுச் சாமான்களுக்குள் நுழையும் வேலைகள் இருந்தால் ஒழிய இதில் இறங்கத் தேவையில்லை. மூன்றாவது, நம் ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் ஆக்குவது, அதாவது தனி நெட்வொர்க் உண்டாக்காமல் கம்பெனிப் பெட்டியின் நெட்டையே வைஃபையில் பரப்ப வைப்பது. ரவுட்டர் மாடியில் இருந்தால் இதுதான் சரியான வழி. அதைக் கொஞ்சம் விவரமாகவே பார்ப்போம்.

லேப்டாப்பை வயர் மூலம் நம் ரவுட்டரோடு மட்டும் இணைத்து அதன் நிர்வாகப் பக்கத்தைத் திறக்கவும். 'ஆபரேஷன் மோடு' என்ற இடத்தில் ஆக்சஸ் பாயின்ட் என்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தால் முடிந்தது; கேபிள் வான் துளையிலேயே இருக்கலாம். பழைய ரவுட்டர்களில் அப்படி ஒரு வரி இருக்காது. அங்கே முதலில் லேன் முகவரியைக் கம்பெனிப் பெட்டியின் வரிசைக்கு மாற்ற வேண்டும்: பெட்டி 192.168.1.1 என்றால் ரவுட்டருக்கு 192.168.1.250 போல ஒன்று. பெட்டியின் டிஹெச்சிபி (சாமான்களுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதி) எந்த எண்வரை பங்கு போடுகிறது என்று பார்த்து அதற்கு வெளியே எடுப்பது நல்லது. சேமித்ததும் பக்கம் அறுந்துபோகும். லேப்டாப்பின் வயரை ஒருமுறை உருவிச் செருகி, புது முகவரியில் மறுபடி நுழைந்து டிஹெச்சிபி சர்வரை அணைக்கவும். கடைசியாக, பெட்டியின் லேன் துளையிலிருந்து வரும் கேபிளை ரவுட்டரின் லேன் துளையில் செருகவும். வான் காலியாக இருக்கட்டும்.

தவறுவது இரண்டு இடத்தில். வரிசையை மாற்றி டிஹெச்சிபியை முதலில் அணைத்தால் லேப்டாப்புக்கு முகவரி கிடைக்காது, உள்ளே நுழைய முடியாது. பிறகு கையால் முகவரி போட வேண்டும், அல்லது ரீசெட் குச்சியைத் தேட வேண்டும். இன்னொன்று, 'இரண்டு வயர் போட்டால் வேகம் கூடும்' என்று இரண்டு பெட்டிக்கும் நடுவே இரண்டு கேபிள் செருகுவது. வளையம் விழுந்து குரல்கள் சுற்றிச் சுற்றி வந்து வீடு முழுக்க நெட் படுத்துவிடும்.

எண் ஒன்றுதான், இன்னும் தெரியவில்லை

விண்டோஸ் கம்ப்யூட்டரில் முதல் சந்தேகம் நெட்வொர்க் வகை. புது ரவுட்டர் மாட்டினால் விண்டோஸுக்கு அது புது நெட்வொர்க். 'பப்ளிக்' என்று வைத்துக்கொண்டு பிறருக்குத் தன்னைக் காட்டிக்கொள்ளாது. 'ரவுட்டர் மாற்றியதிலிருந்துதான் சார் டிவியில் வரவில்லை' என்ற புகாரில் பாதி இதுதான். அதே ஈதர்நெட் பக்கத்தில் 'ப்ரைவேட்' என்று மாற்றினால் ஃபயர்வாலின் விதிகள் தளரும். தனியாக ஆன்டிவைரஸ் இருந்தால் அதற்குள்ளும் இதே கேள்வி ஒளிந்திருக்கும்.

அடுத்து, டிவி கெஸ்ட் வைஃபையில் ஏறியிருக்கிறதா என்று பார்க்கவும். விருந்தினர் நெட்டின் வேலையே வீட்டுச் சாமான்களை மறைப்பது. ரவுட்டரில் 'ஏபி ஐசொலேஷன்', 'கிளையன்ட் ஐசொலேஷன்' என்று இருப்பதும் அதே தடுப்புச் சுவர்தான். கம்ப்யூட்டரில் ஆபீஸ் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்திப் பார்க்க வேண்டும். விர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும்) மென்பொருள் போட்ட கம்ப்யூட்டரில், மீடியா சர்வர் உண்மையான லேன் கார்டை விட்டுவிட்டு அந்த மாய கார்டு வழியாகத் தன் இருப்பை அறிவித்துக்கொண்டிருக்கும். சர்வர் செட்டிங்கில் சரியான கார்டைக் காட்டிக்கொடுத்தால் தீரும்.

இன்னொரு ரகம் வேடிக்கையானது: கம்ப்யூட்டரை இயக்கியதும் டிவியில் தெரியும்; நாலைந்து நிமிஷத்தில் மறையும். கடிகாரம் வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் 4 நிமிஷம் 20 விநாடிக்கு உள்ளே. இது ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் வேலை. எந்தத் துளையில் இருப்பவருக்கு இந்தக் குரல் வேண்டும் என்று நெட்வொர்க் ஸ்விட்ச் (பல லேன் வயர்களை இணைக்கும் பெட்டி) குறித்து வைத்துக்கொண்டு அவர்களுக்கு மட்டும் அனுப்பும். 'இன்னும் வேண்டுமா' என்று 125 விநாடிக்கு ஒருமுறை கேட்க ஒருவர் இருக்க வேண்டும். கேட்பவர் யாரும் இல்லாத வீட்டில் பதில் சொல்வாரும் இல்லை. 260 விநாடி ஆனதும் ஸ்விட்ச் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடும். ரவுட்டரிலும் ஸ்விட்சிலும் இந்த வசதியை அணைத்துவிட்டால் போதும். ஐந்தாறு சாமான் உள்ள வீட்டில் குரல் எல்லோருக்கும் போவதால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

எந்த மென்பொருள் வழி?

டிஎல்என்ஏ பழைய ஏற்பாடு. 2003-ல் தொடங்கிய அந்தக் கூட்டமைப்பு 2017-ல் கலைந்துவிட்டது. ஆனாலும் டிவிகளில் இன்னும் இருக்கிறது. டிவியில் எதையும் நிறுவ வேண்டாம் என்பது இதன் ஒரே சுகம். சப்டைட்டில் தகராறு செய்யும், பாதியில் தள்ளிப் பார்த்தால் சில டிவிகள் முழிக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் குரல் கேட்டால்தான் பிழைப்பு.

ஜெல்லிஃபின், ப்ளெக்ஸ் போன்ற மீடியா சர்வர் மென்பொருளைக் கம்ப்யூட்டரில் போட்டால், அதற்கு டிவியில் ஆப் இருக்கும். முகவரியை அடித்து நுழையலாம். ஜெல்லிஃபின் என்றால் கம்ப்யூட்டரின் முகவரியோடு 8096, ப்ளெக்ஸ் என்றால் 32400. குரலை நம்ப வேண்டியதில்லை என்பதே பெரிய விடுதலை. ரவுட்டரில் கம்ப்யூட்டருக்கு நிரந்தர முகவரி ஒதுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பவர் கட்டில் எண் மாறி, மறுபடி முதலிலிருந்து.

மூன்றாவது, கம்ப்யூட்டரில் ஃபோல்டரை ஷேர் செய்து, ஆண்ட்ராய்டு டிவியில் 'கோடி' அல்லது 'விஎல்சி' ப்ளேயர் ஆப் வைத்து நேரே திறப்பது. கம்ப்யூட்டர் பழசாக, வலுவில்லாததாக இருந்தால் இதுவே மேல். அது ஃபைலைத் தூக்கிக் கொடுப்பதோடு சரி, மாவாட்டும் வேலை டிவியின் தலையில். குடும்பத்தில் எல்லோரும் ரிமோட்டை எடுப்பார்கள், யார் எதுவரை பார்த்தார்கள் என்பது நினைவிருக்க வேண்டும் என்றால் ஜெல்லிஃபின். ஒருவரே பார்ப்பவர் என்றால் ஷேர் ஃபோல்டர் போதும்.

ஸ்கிரீன் மிரரிங்கை இந்த வேலைக்கு எடுக்க வேண்டாம். விண்டோஸில் அதைச் செய்யும் மிராகாஸ்ட் வழக்கமாக ரவுட்டரைத் தொடாமல் வைஃபை டைரக்ட் வழியாக டிவியோடு நேரே பேசும்; வைஃபை கார்டே இல்லாத டெஸ்க்டாப்பில் அது கிடைக்காமல் போவது அதனால்தான்.

தடங்கல்: கடைக்குப் போகும் முன் கணக்கு

ஃபைலின் அளவை ஜிபியில் எடுத்து 8000-ஆல் பெருக்கி, படத்தின் நீளத்தை விநாடியில் எடுத்து வகுத்தால் சராசரி எம்பிபிஎஸ், அதாவது விநாடிக்கு எத்தனை மெகாபிட் என்பது வரும். இரண்டு மணி நேரப் படம் 10 ஜிபி என்றால் 80,000-ஐ 7,200-ஆல் வகுக்க, சுமார் 11. சண்டைக் காட்சியில் இது இரண்டு மூன்று மடங்கு ஏறும். சுமார் 30 எம்பிபிஎஸ் நிலையாகக் கிடைத்தால் போதும். இரண்டரை மணி நேர 4கே படம் 60 ஜிபி என்றால் சராசரி 53. உச்சத்தில் 100-ஐத் தாண்டலாம். 4கே ப்ளூரே வட்டின் உச்சவரம்பே 128 எம்பிபிஎஸ்.

இப்போது வீட்டில் என்ன கிடைக்கிறது? டிவி இருக்கும் இடத்துக்கு லேப்டாப்பைக் கொண்டுபோய், கீழே இருக்கும் கம்ப்யூட்டரின் ஷேர் ஃபோல்டரிலிருந்து 2 ஜிபி ஃபைல் ஒன்றைக் காப்பி செய்யுங்கள். விண்டோஸ் விநாடிக்கு இத்தனை மெகாபைட் (எம்பி) என்று காட்டும். 8-ஆல் பெருக்க வேண்டும். 5 எம்பி என்று வந்தால் 40 எம்பிபிஎஸ். எண்ணைவிட வரைபடத்தின் வடிவத்தைக் கவனியுங்கள்: மேடு பள்ளமாக, நடுநடுவே பூஜ்யத்தைத் தொட்டு எழுந்தால் அங்கேதான் வட்டம் சுற்றும். லேப்டாப்பின் ஆன்டெனா டிவியுடையதைவிட நன்றாக இருக்கக்கூடும் என்பதால் கிடைத்ததில் கொஞ்சம் கழித்துக்கொள்ளவும். இன்டர்நெட் ஸ்பீட் டெஸ்ட் இங்கே உதவாது. வீட்டுக்குள் ஓடும் படத்துக்கும் 300 எம்பிபிஎஸ் பிளானுக்கும் சம்பந்தமில்லை. பிளானை உயர்த்திக்கொள்ளச் சொல்பவர்களிடம் இதைச் சொல்லலாம்.

வேகம் தாராளமாக இருந்தும் தடங்கினால் குற்றவாளி டிரான்ஸ்கோடிங். டிவிக்குப் புரியாத வடிவத்தில் ஃபைல் இருந்தால், ஓடும்போதே சர்வர் அதை மாற்றி அனுப்ப வேண்டும். கம்ப்யூட்டரின் சிபியு 100 சதவீதத்தில் போய் நிற்கும். ஜெல்லிஃபின் டாஷ்போர்டில் ஓடும் படத்துக்குப் பக்கத்தில் 'டைரக்ட் ப்ளே'யா (மாற்றாமல் அப்படியே அனுப்புவது) டிரான்ஸ்கோடா என்றும், எதனால் என்றும் தெரியும். பழைய டிவிக்கு 10 பிட் ஹெச்இவிசி வடிவ வீடியோ கொடுப்பது, படமாக இருக்கும் பிஜிஎஸ் சப்டைட்டிலைப் போட்டதும் முழு வீடியோவையும் சேர்த்து அரைக்க நேர்வது, இவை அடிக்கடி வரும் காரணங்கள். டிடிஎஸ் ஒலியும் அப்படித்தான். சாம்சங் 2018 முதல் தன் டிவிகளில் டிடிஎஸ் ஆதரவை எடுத்துவிட்டது. படம் ஓடி ஒலி மட்டும் வராமல் போவதற்கும் இது காரணமாகலாம். சப்டைட்டிலை வெறும் எழுத்தாக இருக்கும் எஸ்ஆர்டி வடிவத்தில் வைத்தாலே பாதி வீடுகளில் தடங்கல் நின்றுவிடும். இதற்கெல்லாம் கேபிள் போட்டாலும் பலன் இல்லை.

இனி ஒப்பீடு

கம்ப்யூட்டரும் டிவியும் இரண்டுமே வைஃபையில் இருந்தால், முதல் வயர் கம்ப்யூட்டருக்கு. இரண்டும் ஒரே அலைவரிசையில் இருக்கும்போது ஒவ்வொரு பைட்டும் காற்றில் இரண்டுமுறை பயணிக்கிறது: கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டருக்கு, ரவுட்டரிலிருந்து டிவிக்கு. கம்ப்யூட்டருக்கு வயர் போட்டால் ஒரு பயணம் மிச்சம். டிவிக்குக் கிடைக்கும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ரவுட்டரும் கம்ப்யூட்டரும் ஹாலிலேயே இருந்தால் மூன்று மீட்டர் கேபிளோடு கதை முடிந்தது.

அடுத்த இலவச வழி, டிவியை வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாற்றுவது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றை ஒன்று மிதிக்காத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். அடுக்ககத்தில் பத்து வீட்டு ரவுட்டர்கள் அந்த மூன்றுக்கும் அடித்துக்கொள்ளும். மைக்ரோவேவ் அடுப்பும் அதே இடத்தில்தான் இரையும். 5-ல் இடம் அதிகம், ஆனால் சுவரைத் துளைக்கத் தெம்பு குறைவு. நாலரை இஞ்ச் செங்கல் சுவர் ஒன்று என்றால் பிழைத்துக்கொள்ளும். ஒன்பது இஞ்ச் சுவர் இரண்டு, மேலே கம்பி கட்டிய கான்கிரீட் தளம் ஒன்று என்றால் சிரமம். போனில் வைஃபை அனலைசர் ஆப் போட்டு டிவி இடத்தில் சிக்னல் பலத்தைப் பாருங்கள்: மைனஸ் 65 டிபிஎம் அல்லது அதைவிட பூஜ்யத்துக்கு அருகில் இருந்தால் நல்லது, மைனஸ் 75-க்குப் போனால் அங்கே வைஃபையை நம்பிப் படம் பார்க்க வேண்டாம். சேனல் 52 முதல் 144 வரை ரேடாருக்கு வழிவிட வேண்டிய இடங்கள். ரேடார் சந்தேகம் வந்தால் ரவுட்டர் சட்டென்று அந்த சேனலைக் காலி செய்துவிடும். படம் நடுவில் அறுந்து தானே வந்தால் 36 முதல் 48-க்குள் ஒன்றை நிலையாக வைத்துப் பார்க்கலாம்.

காசு செலவழிக்கும் கட்டம் வந்துவிட்டால், கேபிளுக்குத்தான் என் ஓட்டு. டிவி நகராது, நகராத சாமானுக்குக் காற்றில் இடம் ஒதுக்குவது வீண், அதை போனுக்கும் லேப்டாப்புக்கும் விடலாம். கேட் 5இ ரக லேன் கேபிளே 100 மீட்டருக்கு 1000 எம்பிபிஎஸ் தாங்கும்; விலை வித்தியாசம் பெரிதில்லை என்பதால் கேட் 6 எடுத்துக்கொள்ளலாம். கடையில் கேட்க வேண்டியது ஒன்றே: சுத்தச் செம்பா? சிசிஏ என்று அச்சிட்டது செம்பு முலாம் பூசிய அலுமினியம். கம்பியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். வளைத்தால் சீக்கிரம் முறியும், நாளடைவில் இணைப்பு தளரும்.

முனை அடிப்பதில் வேலை இருக்கிறது. கிளிப் கீழே பார்க்க, இடமிருந்து வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். பச்சை ஜோடி நடுவில் நீலத்துக்கு இருபக்கமும் பிரிந்து நிற்பதைப் பாருங்கள். பல எலக்ட்ரீஷியன்கள் ஜோடி ஜோடியாகப் பக்கத்தில் வைத்து, இரண்டு முனையிலும் அதே மாதிரி அடித்துவிடுவார்கள். சின்ன டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரியும். 'எல்லாம் ஓகே சார்' என்று போய்விடுவார்கள். ஆனால் 3, 6 எண் கம்பிகள் ஒன்றோடொன்று முறுக்கிய ஜோடியாக இல்லாததால் நீளம் கூடக்கூட இரைச்சல் ஏறும், இணைப்பு அறுந்து அறுந்து வரும். முறுக்கை அரை இஞ்சுக்கு மேல் பிரிக்கவும் கூடாது. முடித்ததும் டிவியில் மாட்டும் முன் அதே முனையில் லேப்டாப்பைச் செருகி இணைப்பு வேகத்தைப் பாருங்கள். 1000 என்று காட்ட வேண்டும். 100 என்றால் நீலமோ பிரவுனோ சரியாகக் கடிக்கவில்லை. 100-க்கு 1, 2, 3, 6 போதும், 1000-க்கு எட்டும் வேண்டும்.

இங்கே கேபிள் பக்தர்களுக்கு ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. 4கே டிவிகளில் பலவற்றின் லேன் துளை 100 எம்பிபிஎஸ்தான். கழிவு போக 94 அளவுக்குக் கையில் வரும். ரவுட்டர் அதே அறையில் இருந்தால் டிவியின் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இதைவிட வேகமாக ஓடக்கூடும். 60 ஜிபி படங்கள் பார்ப்பவர் என்றால் டிவிக்கு நேரே வயர் போடுவதைவிட, மாடிவரை வயர் இழுத்து, அங்கே ஒரு ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட்டாக வைத்து, டிவியை அதன் வைஃபையில் விடுவது நல்லது. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரவுட்டர் போதும், துளைகள் கிகாபிட்டாக இருந்தால். மாடியில் போன், லேப்டாப் எல்லாவற்றுக்கும் சேர்த்து விடியும். சாதாரண வீட்டுக்கு நான் முதலில் சொல்வது இந்த ஏற்பாட்டைத்தான்: ஒரு கேபிள், கடைசியில் ஒரு ஆக்சஸ் பாயின்ட். இரண்டு ரவுட்டருக்கும் ஒரே வைஃபை பெயர், ஒரே பாஸ்வேர்டு, வேறு வேறு சேனல்.

மெஷ் மோசமில்லை, வயரில்லாமல் மெஷ் என்பதில்தான் கவனம் வேண்டும். இரண்டு அலைவரிசை மட்டும் உள்ள செட்டில், பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே பேசுவதும் டிவியோடு பேசுவதும் ஒரே ரேடியோ, வேகம் பாதியாகும். மூன்று அலைவரிசை செட்டில் ஒன்றைப் பெட்டிகளுக்கென்றே ஒதுக்குவார்கள், விலையும் அதற்கேற்ப. இரண்டாவது பெட்டியை டிவிக்குப் பக்கத்தில் வைப்பது வழக்கமான தப்பு. சிக்னல் செத்த இடத்தில் வைத்தால் செத்த சிக்னலைத்தான் திருப்பிப் பரப்பும். மாடிப்படித் திருப்பம் போல முதல் பெட்டி நன்றாகத் தெரியும் இடம் பார்த்து வைக்க வேண்டும். இன்னொன்று: மெஷ் செட்டுகள் வாங்கும்போது ரவுட்டர் முறையில்தான் இருக்கும். கம்பெனிப் பெட்டிக்குப் பின்னால் அப்படியே மாட்டினால், மேலே பார்த்த மூன்றாவது எண் கோளாறு மறுபடி முளைக்கும். ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றிய பிறகே மற்றது.

எக்ஸ்டெண்டர் மலிவு, அவ்வளவுதான். வேகம் பாதியாவதோடு, சில எக்ஸ்டெண்டர்கள் அந்தத் தேடும் குரலை மறுபக்கம் ஒழுங்காகக் கடத்துவதில்லை. தடங்கலுக்கு வாங்கப் போய் 'தெரியவில்லை'யையும் சேர்த்து வாங்கி வருவோம்.

பவர்லைன் என்பது கரண்ட் வயரிலேயே நெட்டை அனுப்புவது. சுவரை உடைக்க முடியாத இடத்தில் கேட்க இனிக்கும். நம் வீடுகளில் இடறும் இடங்கள் மூன்று. த்ரீ ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் ஹால் ஒரு ஃபேஸிலும் மாடி இன்னொன்றிலும் இருந்தால் சிக்னல் தாண்டிப் போவது அதிர்ஷ்டம். டிவி பாயின்ட் இன்வெர்ட்டர் லைனில் இருந்தால் நடுவே இன்வெர்ட்டர் உட்கார்ந்திருக்கும். ஸ்பைக் பஸ்டர் உள்ள எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகினால் அதன் ஃபில்டர் இந்த சிக்னலையும் சேர்த்து விழுங்கும். சுவர் பிளக்கில் நேரே செருக வேண்டும். பெட்டியில் 600 என்று போட்டிருக்கும் செட்டுகளின் லேன் துளை 100 ஆக இருப்பதும் உண்டு. திருப்பி எடுத்துக்கொள்ளும் கடை கிடைத்தால் வாங்கிப் பார்க்கலாம்.

டிடிஎச் கோஆக்ஸ் கேபிள் ஏற்கனவே மாடிக்குப் போகிறதே, அதில் அனுப்பலாமா என்று கேட்பார்கள். கோஆக்ஸில் நெட் அனுப்பும் மோகா கருவிகள் பெரும்பாலும் 1125 முதல் 1675 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும். டிஷ் சிக்னல் அதே வயரில் 950 முதல் 2150 வரை ஓடுகிறது. இரண்டும் ஒரே வயரில் ஒத்துப்போகாது.

இத்தனையும் படித்துவிட்டு, மாதத்துக்கு இரண்டு படம்தானே பார்க்கிறோம் என்று தோன்றினால் பென் டிரைவ் போதும். வெட்கப்பட ஒன்றுமில்லை. எஃப்ஏடி32 வடிவில் 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைல் ஏறாது என்பதால், டிவி ஏற்றுக்கொண்டால் எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வடிவில் வைக்கவும்.

ஓட்டை எங்கே போடுவது?

கேபிள் என்று முடிவானதும் வாடகை வீட்டில் வரும் அடுத்த கேள்வி இது. புது ஓட்டை பெரும்பாலும் தேவைப்படாது. ஏசி பைப் போகும் ஓட்டையிலோ டிடிஎச் வயர் வந்த ஓட்டையிலோ இன்னொரு வயருக்கு இடம் இருக்கும். தளம் தாண்ட மாடிப்படி ஓரமாக கேசிங் கேப்பிங் ஒட்டி இழுக்கலாம். சுவருக்குள் பைப் இருக்கிறது என்று கரண்ட் வயர் போகும் அதே பைப்பில் லேன் வயரைத் தள்ளக் கூடாது: இரைச்சல் ஒரு பக்கம், உரசிக் காப்பு கிழிந்தால் 230 வோல்ட் டிவியின் பின்புறத்துக்கு வந்துவிடும். வெளிச்சுவரில் போக வேண்டியிருந்தால் வெயில் தாங்கும் கறுப்பு உறை போட்ட அவுட்டோர் கேபிள் வேண்டும். உள்வீட்டு வயரின் உறை வெயிலில் வெடித்துத் தண்ணீர் இறங்கும். வெளியே போகும் வயர் சுவரை ஒட்டியே இருக்கட்டும். மொட்டை மாடியில் டிஷ் கம்பத்தோடு சேர்த்துக் கட்டினால் இடி மழையில் ரவுட்டரின் துளையும் டிவியின் துளையும் சேர்ந்தே போகும். ஐப்பசி மின்னல் தொடங்கியதும் இரண்டு முனையையும் உருவி வைத்துவிடுங்கள்.